பிந்தி வந்த குரல்

அண்ணனுக்குப் பேச்சு திக்குவதற்கு அம்மாதான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. மற்றவர்களைவிட அம்மாவே அதை உறுதியாக நம்பினார். அண்ணன் கைக்குழந்தையாக அம்மை கண்டு பிழைத்தபோது, பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலைகளைக் கோத்த வேப்பஞ்சேலை கட்டி வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். அடுத்து நான் வயிற்றில் வந்தேன், வேண்டுதல் தள்ளிப்போயிற்று. அதை நிறைவேற்றுவதற்குள் குழந்தையின் நாக்கு முதல் எழுத்திலேயே சிக்கத் தொடங்கிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாததால் பிள்ளையின் சொல்லை அம்மன் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அண்ணன் ஓர் உருக்காலையில் எலக்ட்ரீஷியன்; நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். அண்ணனுக்குப் பேசினால்தான் திக்கும். பாடினால் ஓர் எழுத்தும் தடைப்படாது. ஆடி மாதம் பிறந்தால் ஒரு பாட்டுக் குழுவோடு பெரியபாளையம் போய்விடுவார். மேடையில் கணீரென்று பாடி முடித்தவரிடம் யாராவது வந்து பெயர் கேட்டால், கூட்டத்தில் என்னைத் தேடுவார்.

திக்குவதைக் காரணம் காட்டி இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது வரன் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தது. பெண் அங்கே மழலையர் பள்ளி ஆசிரியை. புகைப்படத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் படம் அலமாரிக்குத் திரும்பவே இல்லை. பெண் பார்க்க வருவதற்கு முன் அவரோடு ஒருமுறை போனில் பேச வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பினார். அப்பா அண்ணனின் ஷிப்டைக் காரணம் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். அண்ணனுக்குத் திக்கும் என்று பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வதற்குப் பின்னறையைத் தயார்செய்துகொண்டிருந்தார். சுவரெங்கும் பழைய போர்வைகள். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டர். ஒரு மைக், ஒரு ஹெட்போன். எல்லாம் அமைந்தும் ஒலியைக் கையாளும் சவுண்டு கார்டு மட்டும் ஒத்துழைக்கவில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த ஒலி இணைப்பு மிகச் சாதாரணமானது. மைக்கில் பாடுவது உள்ளே சுற்றி, ஒரு கணம் பிந்தித்தான் ஹெட்போனில் கேட்கும். தாளம் ஓரிடத்தில், தன் குரல் வேறிடத்தில். எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் பாட்டு நொண்டியது.

நல்ல கார்டு தேடி இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த கார்டு பார்க்கவே ஆடம்பரமாக இருந்தது; ஆறு ஸ்பீக்கர்கள் மாட்டலாம் என்றார். அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்து, சொல் வராமல் நின்றார். நான் உதவப் போவதற்குள் கடைக்காரரே இலகுவாக ஒரு கேள்வி கேட்டார்.

“சார், பாட்டு கேக்கவா, பாட்டு புடிக்கவா?”

“பு… பு… புடிக்க.”

“அப்ப இத்த எடுக்காதீங்க. இது ஊட்ல குந்திக்கினு படம் பாக்கறவங்களுக்கு, கேம் ஆடறவங்களுக்கு. ஆறு ஸ்பீக்கர வச்சிக்கினு நீங்க இன்னா பண்ணப் போறீங்க? நீங்க பாடறது பாடச் சொல்லவே, அந்த நிமிசமே, உங்க காதுல வுழணும். அவ்ளோதான மேட்டரு?”

உள்ளேயிருந்து பகட்டில்லாத ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். போட்டுப் பார்த்து ஒத்துவராவிட்டால் பெட்டியோடு எடுத்து வரலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் புதிய கார்டைச் செருகுவதற்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி, பழைய இணைப்பிலேயே சில வரிகள் பதிவு செய்ய அண்ணன் உட்கார்ந்தார். பாடத் தோன்றவில்லை போலும், பேசினார். நான் அதே அறையில் ஒரு புத்தகத்தோடு இருந்தேன்.

“மைக் டெஸ்டிங். இது பழைய கார்டு. வெளிய செம வெயிலு. எந்தங்கச்சி இங்க படிக்கிற மாதிரி குந்திக்கினு தூங்கிக்கினு இருக்குது.”

அந்தக் கேலி எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு சொல்கூடத் திக்காமல் அண்ணன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரும் அதை உணர்ந்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பெயரைச் சொல்ல முயன்றார். முதல் எழுத்திலேயே நின்றது. மாட்டிக்கொண்டு சொன்னார், தெளிவாக வந்தது. சற்றே இழுத்து, வானொலி அறிவிப்பாளரைப்போல வந்தாலும், தடையில்லாமல் வந்தது. தன் குரலே சற்றுப் பிந்திக் காதில் விழும்போது, திக்குகிறவர்கள் சிலருக்கு நாக்கு இளகும் என்று பின்னாளில் ஒரு நூலில் படித்தேன். அன்று எங்களுக்கு அது எதுவும் தெரியாது. “ஆத்தா கட்ட அவுத்துட்டாடா” என்று அழுதுகொண்டே கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்ட வந்த அம்மாவை, போர்வையில் தீப்பிடிக்கும் என்று சொல்லித் தடுக்கவேண்டியிருந்தது.

மாலையில் புதிய கார்டைச் செருகினார். குரலும் தாளமும் ஒன்றாகக் கேட்டன. பாட்டு அத்தனை அழகாக வந்தது. பிறகு அதே ஹெட்போனோடு பேசிப் பார்த்தார். பழையபடி திக்கியது. பாடுவதற்கு எது சரியோ, அது பேச்சை மீண்டும் பூட்டிவிட்டது.

அப்பாவுக்கு உடனே ஒரு வழி தோன்றியது. “அந்தப் பொட்டிய திருப்பிக் குட்த்துடு. பழசுலயே நல்லாப் பேசி, சிடில போட்டு அந்தப் பொண்ணுக்கு அனுப்பு. கேட்டுட்டு சரின்னுடும். நேர்ல பாக்கச் சொல்ல, அப்ப பாத்துக்கலாம்.”

அண்ணன் சிரித்தார். “க… க… கல்யாண மேடையில ஹெட்போன மாட்டிக்கினு குந்தவா, நைனா?”

“உனுக்கு எல்லாம் நக்கலுதான்” என்றார் அம்மா. “இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோயிலுக்குப் போறது?”

மறுநாள் அண்ணன் புதிய கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய இணைப்பின் முன் உட்கார்ந்தபோது, அப்பா சொன்னபடியே செய்யப்போகிறார் என்று நினைத்து அம்மா நிம்மதியாக அடுக்களைக்குப் போனார். நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தம் பெயர், வேலை, பாட்டு என்று அண்ணன் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, “இதுவரிக்கும் நான் நல்லாப் பேசுனது காதுல ஒண்ணு மாட்டிக்கினு இருக்கறதால. இப்ப அத்தக் கழட்டிடறேன். இனிமே பேசறதுதான் நானு” என்றார்.

அதன்பின் வந்தவை சில வாக்கியங்கள்தாம். ஒவ்வொன்றிலும் நின்றார், மூச்சுவாங்கினார், மீண்டும் முதல் எழுத்துக்கு வந்தார். “உங்கள எனக்குப் புடிச்சிருக்குது” என்பதை அவர் சொல்லி முடித்தபோது என் புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. பதிவில் ஒரு மௌனத்தைக்கூட அவர் வெட்டவில்லை. அடுத்துப் புதிய கார்டைச் செருகி, ஒரு பாட்டையும் பாடிச் சேர்த்து, ஆர்.கே.பேட்டைக்குப் போகவிருந்த உறவினரிடம் அந்தச் சிடியைக் கொடுத்தனுப்பினார்.

சிடியில் இருந்ததை அம்மா அறிந்ததும் வீடு துக்க வீடுபோல ஆயிற்று. அண்ணன் வேலைக்குப் போனார், வந்தார்; பின்னறைப் பக்கமே போகவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதலில் அவர் முகம்தான் மாறும்.

ஒரு பிற்பகலில் நான் போனை எடுத்தபோது, “ஆர்.கே.பேட்டையிலிருந்து பேசறேங்க. சிடி கேட்டேன்” என்றது ஒரு பெண்குரல்.

“அண்ணன் இங்கதாங்க இருக்காரு. தரட்டுங்களா?”

“எந்த அண்ணன்? மொதல்ல பேசுனவரு ரேடியோக்காரராட்டம் இருக்காரு, அவரு வேணாங்க. ரெண்டாவதாப் பேசுனவரக் கூப்புடுங்க.”

அண்ணன் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். முதல் எழுத்து வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. அப்பா பொறுக்க மாட்டாமல் ரிசீவருக்குக் கை நீட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ சொன்னது அரைகுறையாகக் கேட்டது. அண்ணனின் தோள் மெல்லத் தளர்ந்தது, சிரித்துவிட்டார். பிறகு திக்கித் திக்கி, முகம் சுளிக்காமல், பேசத் தொடங்கினார். அப்படி என்ன சொன்னீர்கள் என்று பின்னர் அண்ணியிடம் கேட்டேன். “இன்னா சொன்னேன்? மெதுவாப் பேசுங்க, இன்னிக்கு எங்க ஸ்கூலு லீவுதான்னேன்” என்றார்.

புதிய கார்டு திரும்பிப் போகவில்லை. அதில் பதிவான அம்மன் பாட்டுகள் அடுத்த ஆடியில் கோயிலைச் சுற்றிய சில கடைகளில் ஒலித்தன. கம்ப்யூட்டரும் கார்டும் காலாவதியாகி எப்போதோ வீட்டைவிட்டுப் போயின. ஒருவர் சொல்லி முடிக்குமுன் மறுமொழி எழும் இடங்களில் இருக்க நேரும்போது, அன்று அந்த ரிசீவரில் நிலவிய மௌனத்தை நினைத்துக்கொள்கிறேன். என் நாவும் சற்றுப் பொறுக்கிறது. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். நான் மணமாகித் திருவள்ளூருக்கு வந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி வீட்டில் இப்போது அண்ணனும், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் அண்ணியும் இருக்கிறார்கள்.