ஒரு சிட்டிகை தீனி

போன வருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. செங்கல்பட்டில் ரயில்வே லைனை ஒட்டி ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். என் கணவர் வேன் டிரைவர். காலையில் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். பேச்சு கொஞ்சம் குழறினாலும் திரும்பிவிட்டது. பேசத்தான் அவருக்கு மனசில்லை. ஹாலில் கட்டிலைப் போட்டேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

அவருடைய வேனில் போய்வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் சில மீன்கள், முட்டைக் கண்ணோடு கறுப்பாக ஒன்று. பார்த்துக்கொண்டிருந்தால் மனசுக்கு நல்லது என்றார்கள். எனக்குத்தான் இன்னொரு வேலை வந்து சேர்ந்ததே என்று இருந்தது. ஆனால் அவர் சுவரை விட்டுத் திரும்பிவிட்டார். அதற்காகவே அந்தத் தொட்டிக்குக் கும்பிடு போட்டேன்.

வலது கை விரல்களால் சின்னச் சின்னப் பொருட்களை எடுத்துப் பழக வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண் சொல்லியிருந்தார். நான் கெஞ்சியும் செய்யாதவர், மீன் தீனி டப்பாவைக் கண்டதும் தானாகவே ஆரம்பித்தார். குருணை மாதிரி இருக்கும் அந்தத் தீனியை நடுங்கும் விரலால் கிள்ளி எடுப்பார். பாதி மடியில் சிந்தும். மீதி ஒரு கொத்தாகத் தண்ணீரில் விழும். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும். "பசில கீது பாரு," என்று மறுபடியும் கிள்ளுவார். நான் தடுக்கவில்லை. கை அசைந்ததே பெரிய விஷயம்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது எதையாவது ஊட்டாமல் போகமாட்டார்கள். அவருக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பார்கள். "சாப்டியா நைனா?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் மீனுக்கும் ஒரு கை போட்டுவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. பிறகு பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. மீன்கள் வெறும் ஆரஞ்சுத் தீற்றல்களாகத்தான் தெரிந்தன. லேசாக நாற்றமும் வந்தது.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. நின்றே வேலை, நின்றே ரயில். வீடு வந்தால் சமையல், அவருக்குத் துடைத்துவிடுவது, மாத்திரை, கை கால் பயிற்சி. இதற்கு மேல் தொட்டி. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம் ஆயிற்றே, அதோடு தொட்டியையும் சேர்த்துக்கொண்டேன். மீன்களை வாளியில் விட்டு, தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்து, தண்ணீரை வடிகட்டும் மோட்டாரில் இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அழுக்குப் போகும்வரை பிழிந்து, முனிசிபாலிட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்கி நிரப்புவேன். கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாளே மறுபடி கலங்கும். நான் கழுவக் கழுவ அது என்னோடு போட்டி போட்டது.

மீன் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அதற்கும் மசியவில்லை. படாளத்திலிருந்து வந்த என் நாத்தனார், முந்தானையில் தேத்தாங்கொட்டை முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஏரித் தண்ணியே இதுல தெளிஞ்சிடும் அண்ணி. இத்தினூண்டு தொட்டி, இதுக்கு இன்னா," என்றாள்.

கிண்ணத்தில் உரசி ஊற்றினோம். சேறாக இருந்திருந்தால் படிந்திருக்கும். இது சேறு இல்லை போல. இன்னும் மோசமானது.

அடுத்த வெள்ளிக்கிழமை கழுவி நிரப்பிய பிறகு கறுப்பு மீன் மல்லாந்து மிதந்தது. "கறுப்பு மீனு அது, அண்ணா. உனுக்கு வந்தத அது வாங்கினு போயிடுச்சு," என்று நாத்தனார் தேற்றினாள். அவர் தேறவில்லை.

"நான் கை வெச்சி இன்னா வெளங்கிச்சு? யாருக்குனா குட்த்துடு இத," என்றார்.

அன்றிலிருந்து டப்பாவைத் தொடவில்லை. வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மீன் போனால் போகட்டும். அந்தக் கை இனி அசையவே அசையாதோ என்றுதான் பயம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் காய்ச்சல். மழையில் நனைந்து நனைந்து போய்வந்த உடம்பு, போதும் என்று சொல்லிவிட்டது. மூட்டுக்கு மூட்டு வலி. அவர் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு விழுந்தேன். ஒட்டிக்கொள்ளும் காய்ச்சலோ என்று பயந்து யாரும் வீட்டுப்பக்கம் வரவில்லை. கீழ் வீட்டு அக்கா மட்டும் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து கொடுத்து, அவரையும் கவனித்துக்கொண்டார். தீனி டப்பா பிரிட்ஜ் மேல் கிடந்தது. அவருக்கு எட்டாது, என்னால் எழ முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. வீடும் கழுவவில்லை, தொட்டியும் கழுவவில்லை. செத்தால் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. அவ்வளவு அசதி. கட்டிலில் ஒருவர், பாயில் ஒருத்தி, தொட்டியில் மீதி நோயாளிகள் என்று அந்த ஹாலே ஒரு வார்டாக இருந்தது.

காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில், தலைமாட்டில் டக் டக் என்று சத்தம். கண்ணைத் திறந்தேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொட்டிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தே, எந்திரி. தண்ணி தெளிஞ்சிகீது."

தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தண்ணீர் வழியாகத் தெரிந்தது. கிழிக்காமல் விட்ட தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. பட்டினி கிடந்த மீன்கள் ஜம்மென்று கல்லுக்கிடையில் எதையோ மேய்ந்துகொண்டிருந்தன.

"இன்னாங்க பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்றது? நீ படுத்துக்கின, அது தெளிஞ்சிகிச்சு," என்றார். சொல்லிவிட்டுக் கோணிய வாயால் சிரித்தார். வியாதி வந்தபிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவர் தட்டிக்கொண்டிருந்தது வலது கை விரலால்.

பிறகு வேனில் போய்வந்தவர்களில் ஒருவர் போனில் விளக்கினார். தின்றது போக மிஞ்சிய தீனி அழுகித்தான் தண்ணீர் வெளுக்குமாம். அந்த அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கிற நல்ல கிருமிகள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்குமாம். அவற்றைத்தான் நான் வெள்ளிக்கு வெள்ளி குழாயடியில் கழுவி ஊற்றியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அல்லாரும் ஊட்டி ஊட்டியே நாறடிச்சிகீறோம்," என்றார்.

இப்போது விரல் பழக மொச்சைக்கொட்டை. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றுவார். மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் டப்பா பக்கம் கையை நீட்டினால், "தா, போடாத. அது சாப்டுச்சு," என்று விரட்டுவார். ஊட்டிக்கொண்டிருந்தவர் காவல்காரர் ஆகிவிட்டார்.

நானும் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசை. ரயிலை விட்டு வந்ததும் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, காலை மடக்கி நீட்டினீர்களா என்று இன்றைக்கும் பொழிகிறேன். "வுடுமே, தெளியட்டும்," என்று சொல்லி, காலை நகர்த்தி எனக்குக் கட்டிலில் இடம் விடுவார். உட்கார்ந்துகொள்வேன். இரண்டு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அடுப்பு கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

அவர் மறுபடி வேன் ஓட்டுவாரா, தெரியாது. என் அசதியும் தீரவில்லை. ஆனாலும் தினமும் ரயிலுக்குக் கிளம்பும்போது, அந்த நடுங்கும் விரலிலிருந்து ஒரே ஒரு சிட்டிகை சிந்தாமல் தண்ணீரில் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன். அது போதும் என்பது மீன்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, எனக்கு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து வருகிறது.