உதவிக்காரர் மனைவிக்கு ஆகாத குணம்

எங்கள் கிறிஸ்தவ சபையில் போதகருக்குத் துணையாக, உதவிக்காரராக இருந்த பெரியவர் மகனோடு சென்னைக்குக் குடிபோனதும், அந்த இடத்துக்கு இனி யார் என்ற பேச்சு வந்தது. எல்லார் கண்ணும் அப்பா மேல் விழுந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உதவிக்காரராக வருகிறவர் குடிக்கிறவராக இருக்கக் கூடாது. அப்பா டீயையே பாதி டம்ளரோடு நிறுத்திவிடுவார். பேராசை கூடாது, தேரடிப் பக்கம் அப்பா வைத்திருந்த போட்டோ பிரேம் கடையில் வாங்க வருகிறவர் சொன்னதுதான் விலை. முகத்துக்கு முன்னே ஒன்றும் முதுகுக்குப் பின்னே ஒன்றும் பேசக் கூடாது. அப்பா முன்னேயும் பேச மாட்டார், பின்னேயும் பேச மாட்டார். நாளெல்லாம் அண்ணாமலையார் படத்துக்குக் கண்ணாடி வெட்டுகிறவர் சபை வேலை பார்க்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்களாம். "படத்துக்குச் சட்டம் போடறது வேற, சாமி கும்பிடறது வேறப்பா" என்று போதகர் அதை அங்கேயே முடித்துவிட்டார். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு அதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியுமா?

ஆனால் போதகர் யாரையும் உடனே அந்த இடத்தில் உட்கார வைத்துவிட மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. உதவிக்காரருக்கு வேண்டிய குணங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் எடுத்துச் சொல்லுவார். அன்றிலிருந்து, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை வரைக்கும் சபை அந்த மனிதரைக் கவனித்துக்கொண்டிருக்கும். பண்டிகை அன்று, இவருக்கு விரோதமாக யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்பார். யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் அவர் உதவிக்காரர்.

கவனிப்பது அவரை மட்டுமல்ல, அவர் வீட்டையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் சொல்பேச்சு கேட்க வேண்டும் என்றார் போதகர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனைவி ஊர்க்கதை பேசித் திரிகிறவளாக இருக்கக் கூடாது என்றார். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் திரும்பி, தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நடந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். நடக்கப் போவதும் பாதி தெரியும். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் ஏன் பஜ்ஜியைத் தொடாமல் போனார்கள், எந்த வீட்டு மருமகள் முகம் வீங்கியிருக்கிறது, எல்லாம் குழாயடிக்குப் போய்வரும் நேரத்தில் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடும். சாயங்காலம் அப்பா சாப்பிட உட்காரும்போது அதையெல்லாம் ஆள் ஆளாக நடித்துக் காட்டுவாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் புரையேறும். எங்கள் வீட்டில் டிவி இருந்தது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் யாரும் அதைப் போட்டதில்லை.

அன்றைக்குச் சபையிலிருந்து வந்ததும் அம்மா புடவையைக்கூட மாற்றாமல் சொன்னாள், "என் வாயால உங்க பேரு கெட வேணாம். பண்டிகை முடியற வரைக்கும் நான் யார் ஊட்டுக் கதையும் கேக்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல."

அப்பா, "அதெல்லாம் எதுக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நாளில் உதவிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, போதகருக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நடந்து வருவார். அந்த இடத்தில் அப்பாவை வைத்து நான் ஏற்கனவே பார்த்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் என் கூடப் படித்த போதகர் மகளிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். ஆகவே அம்மாவின் வாய்க்கு நானே காவல் என்று வேலையை எடுத்துக்கொண்டேன். யாரும் எனக்குக் கொடுத்த வேலை அல்ல.

பக்கத்து வீட்டில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அக்கா இருந்தாள். கணவனுக்கு மின்வாரியத்தில் வேலை. தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "யக்கா, விஷயம் தெரியுமா?" என்பாள். முதல் நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கால் மதிலை நோக்கி நகர்ந்தது. நான் வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். "அடுப்புல பால் பொங்குதுடி" என்று அம்மா உள்ளே ஓடிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நேரமும் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பால் வாங்காத நாளில்கூடப் பொங்கியது.

ஆள் பேசாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. முதலில் அம்மாவுக்குப் பல்வலி என்றார்கள். பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார்கள். கடைசியில், அம்மா மௌன விரதம் இருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். கிரிவலப் பாதையில் பேசாச் சாமியார்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் அல்லவா, வாயை மூடியவர் மேல் தானாக ஒரு பக்தி வந்துவிடும். அடுத்த தெரு அம்மா ஒருத்தி காலாண்டுப் பரீட்சை எழுதப் போகும் மகளை அழைத்துக்கொண்டு வந்து, ஜாமெட்ரி பாக்ஸை நீட்டி, "நீங்க ஒரு தபா தொட்டுக் குடுங்க, போதும்" என்றாள். வேதக்கார வீடு என்று தெரிந்தும்தான். இல்லை என்று விளக்கப் போனால் பேச்சு நீளும் என்று பயந்து அம்மா தொட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கணக்கில் நல்ல மார்க் வேறு வாங்கித் தொலைத்தாள்.

வீட்டுக்குள் மட்டும் எதுவும் நன்றாக இல்லை. சாப்பிடும்போது டிவி ஓடியது. அப்பா இரண்டு வாய் குறைவாகவே சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஒரு நாள் அவரே, "அந்த எதுத்த ஊட்டுப் பொண்ணு கல்யாணம் இன்னாச்சு?" என்று கேட்டார். அப்பா தானாக ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், கூடாது என்று. அம்மா ரசத்தை ஊற்றினாள்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு டைலர் அக்கா குடியிருந்தாள். எங்கள் சபைதான். கடைசிப் பாயில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து போய்விடுவாள். யாரிடமும் ஒட்ட மாட்டாள். கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, "அந்தத் தையக்காரப் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள். "அம்மா!" என்றேன் நான். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா மதில் பக்கம் வந்து, "யக்கா, அந்த டைலர் பொண்ணு இருக்குதே" என்று தொடங்கியபோதும் எங்கள் வீட்டில் பால் பொங்கியது. அன்றைக்கு அம்மாவை நான் கட்டிப்பிடித்து முத்தம்கூடக் கொடுத்தேன்.

மறுநாள் பௌர்ணமி, சனிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. பக்கத்து வீட்டு அக்கா இந்த முறை மத்தியானமே வந்தாள், மதிலுக்கு அல்ல. நேராகத் தெருவில் வந்து நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பால் பொங்குனா பொங்கட்டும், வெளிய வா! உங்க கோயிலுக்கு வர்ற பொண்ணு அங்க கண்ணெல்லாம் மஞ்சளா எழுந்திருக்க முடியாம கெடக்குது. நான் ஒருத்தி எத்தினி நாளு கஞ்சி ஊத்துறது? கொழந்த எங்க ஊட்லதான் தூங்குது. சொல்ல வந்தா ஓடுற. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். டைலர் அக்கா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தாள். காமாலை முற்றியிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யாரென்று தெரியாமல் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறந்ததுதான், மூடவே இல்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்பதால் மதியத்துக்கு மேல் ஊருக்குள் ஆட்டோவை விட மாட்டார்கள், ஆம்புலன்ஸ் வரவும் நேரமாகும். பால் வண்டியை மட்டும் விடுவார்கள். எங்கள் சபைக்காரர் ஒருவரிடம் பால் வேன் இருந்தது. அண்ணனோடு சண்டை என்பதால் அவர் அதை வீட்டில் நிறுத்துவதில்லை, ரைஸ்மில்லுக்குப் பின்னால் நிறுத்துகிறார் என்பது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அங்கே ஆள் போனது. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெண் பௌர்ணமி என்றால் லீவு போட்டு நாத்தனார் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அவளும் வந்தாள். டைலர் அக்காவை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு அம்மா சபைக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டபடி, புருஷன் போன் எடுக்காததையும், மாமியார் வீட்டார் எட்டிப் பார்க்காததையும், அவர்கள் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள். தேவைக்கு மேலேயும் கொஞ்சம் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை நாள் அடக்கி வைத்தது அல்லவா. பொழுது சாய்வதற்குள், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள், குழந்தைக்குப் பால், வீட்டைப் பெருக்க ஒருத்தி என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. டைலர் அக்கா பிழைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

அறுப்பின் பண்டிகை வந்தது. சபைக்கு முன்னால் பூசணிக்காயும் நெல் மூட்டையும் வேர்க்கடலையும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. ஒரு சேவல் கால் கட்டப்பட்டு, பாட்டுக்கு நடுவில் கூவிக்கொண்டிருந்தது. போதகர் அப்பாவை முன்னால் நிறுத்தி, யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். ரிட்டயரான பள்ளிக்கூட சார் ஒருவர் எழுந்தார்.

"சகோதரர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்க வீட்டம்மா அன்னைக்கு ஒரு சகோதரியோட குடும்ப விஷயத்த வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொன்னாங்க, நான் இல்லைங்கல. ஆனா போதகர் சொன்ன குணத்துக்கு அது சரியா வருமான்னு சபை யோசிக்கணும்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சபையில் அப்பா பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"சார் சொல்றது கரெக்டுதாங்க. எங்க ஊட்ல பேச்சு ஜாஸ்தி. அவ பேசாம இருந்த நாள்ல யாருக்கு இன்னா கஷ்டம்னு எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. அந்தப் பொண்ணு கெடந்ததும் தெரியல. அவ வாயக் கட்டிட்டு நான் தட்டு தூக்கறது எனக்கு வேணாங்க. வேற யாரையாவது பாருங்க."

சொல்லிவிட்டு வந்து ஆண்கள் பாயில் உட்கார்ந்துகொண்டார். போதகர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துவிட்டு, "ஜெபிப்போம்" என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியாதபோது போதகர்கள் சொல்வது அது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் திறந்த கண்ணோடு அழுதேன். அம்மாவின் வாயால் எல்லாம் கெட்டது என்று எனக்கு அப்படி ஒரு கோபம். ஜெபம் முடிந்ததும், அந்த வேலையை இப்போதைக்குப் பால் வேன்காரர் பார்க்கட்டும் என்று போதகர் சொல்லிவிட்டார்.

பிற்பாடு கிறிஸ்துமஸுக்குப் பாவாடை தைக்க அளவெடுத்தபோது டைலர் அக்கா அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினாள். "எங்க ஊட்டுக் கதை ஊருக்கே தெரிஞ்சதுல எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா உசுரோட இருக்கறதாலதான வெக்கப்படறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பாவுக்கு வர இருந்த இடம் பால் வேன்காரருக்கே என்று முடிவாகியிருந்தது. அதற்குள் அண்ணனோடு அவர் ராசியாகிவிட்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பண்டிகை அன்று சாயங்காலம் நடந்தது. வீட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பண்டிகைச் சேவலை ஏலத்தில் எடுத்தவர் அதை வண்டியில் கொண்டுபோன கதை. அப்பாவுக்குப் புரையேறியது. நான் அவர்களோடு சேராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. காலையில் எழுந்து பேசின அதே சார். வண்டியில் முன்னால் ஒரு பூசணிக்காய், பின்னால் அரிசி மூட்டை, ஹேண்டிலில் கடலைப் பை. பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பது உதவிக்காரர் வேலை என்று எனக்குத் தெரியும்.

"எங்கப்பா உதவிக்காரர் ஆவலைங்க சார்" என்றேன். மரியாதையோடுதான் சொன்னேன், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார் அவர். "இத எந்தெந்த ஊட்ல குடுக்கணும்னு கேக்க வந்தேன். அம்மாவக் கூப்புடு."

பெரிய மனிதர், படித்தவர், இத்தனை பாரத்தை ஏற்றிக்கொண்டு வீடு மாறி வந்துவிட்டாரே என்று எனக்கு அவர் மேல் பரிதாபமாகப் போய்விட்டது. பால் வேன்காரர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கையைக் காட்டி நன்றாக வழி சொல்லி அனுப்பிவைத்தேன்.