பூஜ்ஜியம் போட்ட வண்டிகள்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் அலுவலகத்தில் என் கம்ப்யூட்டருக்கு நான் பொட்டு வைக்க முடியாது. வருஷம் முழுக்க அதைத் துடைப்பவள் நான். அது மக்கர் செய்தால் திட்டுபவளும் நான். ஆனால் சந்தனம், குங்குமம் வைக்கிற நேரம் வந்ததும் யாராவது ஒருவர், "நீங்க செத்த தள்ளி நில்லுங்க" என்பார். கணவர் போன பிறகு வந்த முதல் பூஜையில் தள்ளி நின்றேன். அடுத்த வருஷம் அவர்கள் சொல்வதற்கு முன்பே எழுந்துபோய் டீ குடித்தேன். டீயினால் கோபம் ஆறாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அலுவலகம் என்பது அரியலூரில் ஒரு லாரி உரிமையாளர் சங்கம். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். சிமெண்ட் ஆலையில் லோடு இருக்கிறது என்று தகவல் வந்தால், எந்த லாரி முதலில் போக வேண்டும், எது அடுத்தது என்று வரிசை சொல்வது எங்கள் வேலை. அந்த வரிசைக்கு 'முறை' என்று பெயர். முறை வந்த வண்டியின் நம்பரை மைக்கில் கூப்பிடுவேன். உரிமையாளர் ஜன்னலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்குவார், வண்டி ஆலைக்குக் கிளம்பும். லோடை இறக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடி கடைசியில்தான் இடம். தொழில் மந்தமாக இருந்தால் கடைசியிலிருந்து முன்னே வர ஒரு மாதம்கூட ஆகும். ஒற்றை லாரி வைத்திருப்பவர்களுக்கு முறைதான் சோறு. அந்த மொத்த வரிசையும் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவள் நான்.

எங்கள் சங்கத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிகிற வரை அந்த வண்டியைக் கூப்பிட மாட்டோம். அதே சமயம் அதன் இடத்தையும் பறிக்க மாட்டோம். மற்ற வண்டிகள் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். காரியம் முடித்து வந்து சொன்ன உடனே, அந்த வண்டி விட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.

திருச்சியில் எழுதி வாங்கிய எங்கள் புரோகிராமில் இதற்கு வழியே இல்லை. சாவுக்கு ஒரு பட்டன் வேண்டும் என்று எழுதியவருக்கு எப்படித் தோன்றும்? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். 'கூப்பிட வேண்டிய தேதி' என்ற கட்டத்தில் நாள், மாதம், வருஷம் எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டுவிடுவேன். அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. பழைய டேட்டாபேஸ் மறுபேச்சு பேசாமல் அதை வாங்கிக்கொண்டது. தேதி இல்லாததால் வண்டியைக் கூப்பிடாது, வரிசையில் அதன் இடத்தைச் சொல்லும் டோக்கன் நம்பர் மட்டும் பத்திரமாக இருக்கும். சாவு வீட்டுக்குத் தேதி ஏது என்று எனக்கு அது பொருத்தமாகவும் பட்டது. விஷயம் தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். அந்தப் பூஜ்ஜியத்தால் ஒரு வீடும் தன் முறையை இழந்ததில்லை.

இந்த வருஷம் ஆலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். உங்கள் டேட்டாபேஸ் ரொம்பப் பழைய வெர்ஷன், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதே நின்றுவிட்டது, புதிய வெர்ஷனுக்கு மாறாவிட்டால் எங்கள் சிஸ்டத்தோடு இணைக்க முடியாது என்றார்கள். நியாயமான பேச்சுதான். நானே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு. நான் சொன்னபோது அது செலவு, ஆலை சொன்னதும் அது அவசரம்.

சங்கத் தலைவர் உடனே நாள் குறித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பேனா வாங்கினாலும் நல்ல நேரம் பார்த்துத்தான் மூடியைத் திறப்பார். ஆயுத பூஜை அன்று லாரி ஓடாது, அன்றைக்கு மாற்றிவிட வேண்டும். விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் புதிய சிஸ்டத்தில் முதல் வண்டியைக் கூப்பிட்டுத் தொடங்க வேண்டும். இதுதான் அவர் திட்டம்.

திருச்சியிலிருந்து புரோகிராமர் வந்தார். சுறுசுறுப்பான ஆள், நாலு இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டு எல்லா இடத்திலும் அவசரத்தில் இருப்பவர்.

"இருக்கற சர்வர் மேலயே புது வெர்ஷன ஏத்திடலாம் மேடம். ஒரு மணி நேர வேலை" என்றார்.

"அது வேணாங்க. வேற மிஷின்ல ஒரு காப்பி போட்டு, அதுல மாத்திப் பாத்துட்டு, அப்பறமா இதத் தொடலாம்."

"பேக்கப்தான் டெய்லி எடுக்கறீங்களே. அப்பறம் என்ன பயம்?"

"எடுக்கறேன். அதுலேர்ந்து திருப்பி ஏத்தி என்னைக்காவது பாத்திருக்கோமா?"

திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்ல மாட்டேன். பரணில் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பாத்திரம் மாதிரி அது. இறக்கிப் பார்த்தால்தான் ஓட்டை இருக்கிறதா என்று தெரியும்.

தலைவர் குறுக்கே வந்தார். "ஏம்மா, கல்யாணத்துக்குக்கூட ஒத்திகை பாப்பியா நீ?"

"பாக்கணும்ணே. தாலி கட்டறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை யாருன்னாச்சும் பாத்துடணும்ல."

புரோகிராமர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. ஸ்டோர் ரூமில் தூசியடைந்து கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்தேன். அதில் பேக்கப்பை ஏற்றினோம். நல்லவேளை, ஓட்டை இல்லை. பிறகு பக்கத்திலேயே புதிய வெர்ஷனைப் போட்டு, பழையதிலிருந்து அதற்கு மாற்றினோம். எல்லாம் வழுவழுவென்று நடந்தது. திரையில் பச்சை எழுத்தில் முடிந்தது என்று வந்தது. அவர் பையை மாட்டிக்கொண்டார்.

"இருங்க, வண்டிய எண்ணிப் பாத்துடலாம்" என்றேன்.

எண்ணினோம். ஏழு வண்டிகளைக் காணவில்லை.

எந்த ஏழு என்று தேட வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. நம்பர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஏழும் துக்க வீட்டு வண்டிகள், நான் பூஜ்ஜியம் போட்ட வண்டிகள். புதிய வெர்ஷன் கறாரானது, இல்லாத தேதியை ஏற்றுக்கொள்ளாது. அது மறுத்த பதிவுகளைத் தாண்டிப் போகும்படி புரோகிராமர் எழுதியிருந்தார்.

"தேதி தப்பு மேடம். குப்பை டேட்டா. அதான் வுட்டுடுச்சு" என்றார் அவர்.

"குப்பை இல்லங்க, ஏழு சாவு" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அந்த ஏழில் ஒன்று, உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. அவள் கணவர் சொந்த லாரியை அவரே ஓட்டிக்கொண்டிருந்தவர். முறை நெருங்கி முன்வரிசைக்கு வந்த சமயத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். துக்கத்தைச் சொல்லி வண்டியை நிறுத்தி வைக்க, கொழுந்தனாரோடு அவள் அலுவலகத்துக்கு வந்தாள். வண்டியை விற்றுவிடலாம், ஆள் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டான் என்று கொழுந்தனார் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். அவர் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில்தான் அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, காரியம் முடிஞ்சா எங்க முறை வந்துடுமா? டிரைவர் போட்டு ஓட்டிக் காட்டறேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். பூஜை முடியற வரைக்கும்தான் பொறுப்பேங்கறாங்க."

வரும் என்று சொன்னேன். காரியம் முடிந்ததும் முதலில் வரும் என்று சொன்னேன். வண்டி கடைசிக்குப் போனால் அது அவளுடையதாக இருக்காது. விஷயம் அவ்வளவுதான்.

தலைவரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம சட்டதிட்டத்துல எங்கம்மா இருக்கு இது? புது சிஸ்டம் வருது, பழைய சள்ளையெல்லாம் இதோட ஒழியட்டும். அந்த ஏழையும் கடைசில சேத்து வுட்டுடு" என்றார்.

"அப்ப நான் மாத்த மாட்டேண்ணே."

"மெரட்டுறியா?"

"சொல்றேன். அந்த ஏழு நம்பரையும் மைக்ல படிக்கறேன். இவங்க வூட்டுல எழவு வுழுந்துச்சு, அதனால இவங்க முறை போச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. அப்பறம் மாத்தறேன். இல்லாட்டி என்னைய அனுப்பிட்டு வேற ஆளப் பாருங்க."

நகராமல் அவர் மேஜை முன்னாலேயே நின்றேன். வேலை போனால் எனக்கு வேறு வழி கிடையாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்து சங்கத் தேர்தல் வருகிறது என்று எனக்கும் தெரியும். "என்னவோ பண்ணித் தொலை. விஜயதசமி காலைல ஓடணும்" என்று எழுந்து போய்விட்டார்.

செய்தோம். புரோகிராமர் 'துக்கம்' என்று தனியாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார். பூஜ்ஜியம் போட்ட வண்டிகளுக்கு அந்தக் கட்டத்தில் குறி வைத்துவிட்டுத் தேதியைக் காலியாக விட்டோம். காலியை ஏற்றுக்கொள்வதில் புதிய வெர்ஷனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. எது மறுத்தாலும் தாண்டிப் போகாமல் அங்கேயே நிற்கும்படி அவர் தன் புரோகிராமையும் மாற்றினார். மறுபடி ஒத்திகை. மறுபடி எண்ணினோம். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது, வரிசையும் சரியாக இருக்க வேண்டும் என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு நம்பராகப் படித்தோம். சரியாக இருந்தது. அவருக்கும் இதில் பிடிப்பு வந்துவிட்டது போல. "இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடலாம் மேடம்" என்று அவராகவே சொன்னார். முன்பு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு போய்விட்டது.

பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பெண் வந்து, காரியம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய சர்வரில் அவள் வண்டிக்குப் போட்டிருந்த பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு விஜயதசமித் தேதியைப் போட்டேன்.

ஆயுத பூஜை அன்று வெளியே லாரிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் புதுப் பதிவுகள் எதுவும் விழாதபடி பழைய சர்வரை நிறுத்தினோம். கடைசியாக ஒரு பேக்கப் எடுத்து, அதை ஏற்றிப் பார்த்து, சங்கம் இதற்கென்று வாங்கியிருந்த புதிய மிஷினுக்கு மாற்றி, எண்ணி, படித்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பழைய சர்வரை அழிக்கவில்லை. புதியது காலை வாரினால் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டுமே. வயரைக் கழற்றி அலமாரியில் ஏற்றிவைத்தேன்.

பூஜைத் தட்டு மேஜை மேல் தயாராக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சந்தனத்தைக் குழைத்தேன். புதிய சர்வரின் நெற்றியில் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டேன்.

தலைவர் வந்து பார்த்தார். "யாரு வச்சது?"

"நான்தாண்ணே."

தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றினார். நான் தள்ளி நிற்கவில்லை.

மறுநாள் காலை சங்கத்து வாசலில் நல்ல கூட்டம். மைக்குக்கே மாலை போட்டிருந்தார்கள். புதிய திரையைத் திறந்தேன். முதலில் நின்றது அந்தப் பெண்ணின் வண்டி. அதற்கு அடுத்தது தலைவரின் வண்டி.

அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, புது சிஸ்டத்துல மொத மொத கூப்புடறது துக்க வூட்டு வண்டியா? அதுவும் அந்தப் பொண்ணு கையாலயா மொத சீட்டு வாங்கறது? ரெண்டாவதக் கூப்புட்டுட்டு அப்பறம் அதக் கூப்புடு. ஒரே ஒரு வண்டிதானே, அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு. எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவள் வந்திருந்தாள். கூட்டத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் டீக்கடைக்கும் பின்னால், எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் கண்ணில் படக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பழக ஒரு வருஷம் பிடித்தது. அவள் காரியம் முடிந்த கையோடு கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முறைன்னா முறைதாண்ணே" என்று சொல்லிவிட்டு மைக்கை ஆன் செய்தேன். அவள் வண்டியின் நம்பரைச் சொன்னேன். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை சத்தமாக, உரிமையாளர் ஜன்னலுக்கு வரவும் என்று சேர்த்து.

வழி விட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று கிசுகிசுத்தாள்.

"அக்கா, அவங்கல்லாம் வாங்கட்டும். நான் பின்னாடி வாங்கிக்கறனே."

"ஒன் முறைம்மா. கையெழுத்துப் போடு."

பேனாவை நீட்டினேன். நிதானமாக முழுப்பெயரையும் எழுதினாள். முந்தைய கையெழுத்துகளெல்லாம் அவள் கணவருடையவை. சீட்டை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகப் போனவள், ஒரு நொடி யோசித்துவிட்டுக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். தலைவர் அறையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், ஜன்னலுக்கு வந்து, அவள் நகர்கிற வரை அவளுக்குப் பின்னால் நின்றார்.