தெளிந்த தண்ணீரில் முப்பது மூச்சு

அணையின் அடிவாரத்தில் கசிந்து வரும் தண்ணீரை அளந்து எழுதுவதுதான் அவள் வேலை. சேர்ந்த இரண்டாம் மாசமே எல்லாருக்கும் அவள் 'அளவு அக்கா' ஆகிவிட்டாள். அது மண் அணை. மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை. கசிவெல்லாம் ஒரு கல் ஓடையில் சேர்ந்து, நடுவில் வெட்டு வைத்த இரும்புத் தகட்டின் வழியாக விழும். வெட்டில் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்துக் குறிக்க வேண்டும். அறுபத்து நாலு, அறுபத்து மூணு, மறுபடி அறுபத்து நாலு. பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

ஒன்பது வயசில் அப்பா அவளை ஆற்றுக்கு அழைத்துப் போனார். தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார். வழுக்கி விழப்போவதுபோலப் பாசாங்கு செய்தார். கரையில் அம்மா உட்கார்ந்திருக்க, அவள் வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, "மத்தியானமே நெனச்சேன், இந்தப் பொண்ணு இப்படிச் சிரிக்குதேன்னு" என்றாள். துக்கத்தில் வாயில் வந்தது. அடுத்த வாரம் அம்மாவுக்கே அது ஞாபகம் இருந்திருக்காது. மகளுக்கு நாற்பது வருஷமாகியும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நல்லது எது வந்தாலும் மாத்திரை விழுங்குகிற மாதிரி மடக்கென்று விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். ருசி தெரிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும்.

கட்டிக்கொண்டவர் நேர் எதிர். கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை அரை மணி நேரம் சாப்பிடுவார்.

"பழம் சாப்பிடுறீங்களா, இல்ல அதுக்கு வைத்தியம் பாக்குறீங்களா?" என்பாள்.

"நீ முழுங்குற வேகத்துக்கு உனக்கு ஆரஞ்சும் ஒண்ணுதான், உருளைக்கிழங்கும் ஒண்ணுதான்."

போன வருஷம் அவளுக்கு ரத்தக் கொதிப்பு எகிறியது. சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுப் பட்டையை அவிழ்த்தாள்.

"மாத்திரை அதுபாட்டுக்கு வேலை செய்யும் அக்கா. நீங்க ஒண்ணு செய்யணும். நாளுக்கு ஒரு நல்ல விஷயம், சின்னதா இருந்தாலும் சரி, அது கெடைச்ச உடனே ஓடாதீங்க. முப்பது மூச்சு அதுலயே நில்லுங்க. என்ன நெறம், என்ன வாசனை, தொட்டா எப்படி இருக்குன்னு பாருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"இதைச் சீட்டுல எழுதித் தருவீங்களா சிஸ்டர்?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்: முப்பது மூச்சு, தினம் ஒரு வேளை. காகிதத்தில் எழுதியதைத் தட்டுகிற வழக்கம் அளவு அக்காவுக்குக் கிடையாது.

மறுநாள் காலை அளவைக் குறித்துவிட்டு, நல்லது எதைத் தேடுவது என்று தெரியாமல் ஓடைக்கரையில் குந்தினாள். சும்மா இருப்பானேன் என்று கையை விட்டாள். ஜில்லென்றிருந்தது. அடியில் கிடந்த கறுப்புக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. விரல்களுக்கு நடுவே பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது தண்ணீர். பதினேழாவது மூச்சில் பயம் வந்து கையை எடுத்துவிட்டாள். முப்பது வரை நிற்க அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அப்புறம் அது அவளைப் பிடித்துக்கொண்டது. காலையில் அந்தக் கல் ஓடையை நினைத்துக்கொண்டே எழுந்தாள். வீட்டிலும் அது தொற்றியது. துவைத்து மடித்த போர்வையில் வெயில் வாசனை, பக்கத்து அறையில் கணவர் கத்தரியைத் தீட்டும் சத்தம், இப்படி எதிலாவது நின்றுவிடுவாள். யாருக்கு என்று தெரியாத ஒரு நன்றி உள்ளே ஊறும். கூடவே பயமும் வளர்ந்தது. இவ்வளவு நாள் எட்டிக்கூடப் பார்க்காத சந்தோஷத்தை இப்படி உட்காரவைத்து உபசரிக்கிறோமே, என்னத்தை இழுத்துக்கொண்டு வரப்போகிறதோ.

"ஏங்க, எனக்கு என்னமோ சரியாப் படல" என்றாள் ஒருநாள்.

"என்ன சரியாப் படல?"

"எல்லாம் நல்லா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்தது. பதினோரு நாள் ஆகியும் விடவில்லை. அணை நீர்மட்டம் ஏற ஏற, வெட்டில் நிற்கும் தண்ணீரும் ஏறியது. அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று. தொண்ணூறைத் தொட்டால்தான் ஆபத்து என்று தகட்டில் சிவப்புக் கோடு இருந்தது. அணைக்குக் கீழே, உபரித் தண்ணீர் போகும் வாய்க்காலை ஒட்டிப் பணியாளர் குடியிருப்பு, எட்டு வீடுகள். நாலாவது வீடு அவளுடையது. அதற்கும் கீழே பெரிய ஊர். மலைப்பக்கத்துப் பறவைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. மழை என்றால் அப்படித்தான் என்றார் மதகு இயக்குகிற அண்ணன்.

பன்னிரண்டாம் நாள் காலை. ராத்திரி மட்டும் அணையில் அரை மீட்டர் ஏறியிருந்தது. வெட்டில் பார்த்தால் எழுபது. ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுபதுதான். மேலே ஏறுகிறது, கீழே குறைகிறது. அப்படியென்றால் மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது?

வழக்கம்போலக் கையை விட்டாள். மூன்றாவது மூச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. பட்டு இல்லை. விரலிடுக்கில் ஏதோ நறநறத்தது. மாவை விட நைசான நறநறப்பு. மழை வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். மண். கசிவு வந்தால் பயமில்லை. கசிவோடு மண் வந்தால், அணை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேட்டில் இருந்த அலுவலகத்துக்கு ஓடினாள். இன்ஜினியர் முப்பது வயசுக்காரர், நல்ல மனுஷர்தான், மூன்று நாளாகத் தூக்கமில்லை.

"எழுபதா? அப்ப நல்லதுதானே அக்கா. குறையுதுல்ல?"

"ஏறுற நேரத்துல ஏன் சார் குறையணும்? தண்ணியில மண்ணு வருது."

அவர் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். "தெளிவா இருக்கே. குடிச்சிரலாம் போல இருக்கு."

"கையில கொஞ்சம் ஊத்தித் தேச்சுப் பாருங்க."

தேய்த்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "மதகு எல்லாத்தையும் தொறந்தா மொதல்ல உங்க வீடுங்கதான் போகும், தெரியுமில்ல? நறநறங்குதுன்னு மேல எப்படிச் சொல்றது?"

"முக்கா மணி நேரம் குடுங்க சார். பாட்டில ஆட்டாம வைங்க."

மேஜைமேல் பாட்டில் இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். கூரைத் தகரத்தில் மழை. நாற்பது நிமிஷத்தில் பாட்டிலின் அடியில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது, நகத்தின் கனத்துக்கு. இன்ஜினியர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

ஒன்பது மணிக்குச் சங்கு ஊதினார்கள். ஊர் முழுக்க லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றப்பட்டது. குடியிருப்புக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அவள் வீட்டைப் பூட்டினாள். பூட்டிவிட்டு ஏன் பூட்டினோம் என்று நினைத்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்தாள். பத்தரைக்கு ஏழு மதகுகளும் திறந்தன. மேட்டுப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நின்று, எட்டு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாய் முங்குவதைப் பார்த்தார்கள். நாலாவது வீட்டின் முறை வந்தபோது கணவர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

மதகு அண்ணனின் மனைவி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "அணை நின்னுக்கிட்டுத்தானே இருக்கு? இவ சும்மா இருந்திருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும்." அளவு அக்காவுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. பாட்டிலில் இருந்த கோடு இத்தனை பேர் வீட்டை வாங்கிவிட்டது. தன் சிரிப்புதான் வேறு வேஷத்தில் வந்திருக்கிறதோ என்று அன்று பகல் முழுக்க உள்ளுக்குள் குமைந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், நீர்மட்டம் பாதிக்கு இறங்கிய பிறகு, அணையின் மேல்சாலையில் ஒரு பள்ளம் விழுந்தது. விளக்குக் கம்பம் ஒன்று ஆடாமல் அசையாமல் அப்படியே கீழே இறங்கி, விளக்கு மட்டும் தரைக்கு மேல் நின்றது. உள்ளே லாரி நிற்கிற அளவுக்குப் பொந்து. தண்ணீர் முழு மட்டத்தில் இருந்திருந்தால் அணையும் இல்லை, ஊரும் இல்லை.

சேதி வந்தபோது மதகு அண்ணனின் மனைவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இருந்த டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினாள்.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி, கருவி எதிலும் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"அந்தத் தண்ணி நல்லா இருக்கும் சார். அதனால தினமும் கை வெப்பேன்."

"வேலைக்காகவா?"

"இல்ல சார். நல்லா இருக்கும்னு."

அதிகாரி 'தொட்டுப் பரிசோதித்து அறிந்தார்' என்று எழுதிக்கொண்டார்.

கடைத்தெரு மேட்டில் இருந்ததால் கணவரின் கடை தப்பியது. அதற்கு மேலேயே ஒரு அறையில் குடியேறினார்கள். அணையைப் பாதி மட்டத்துக்கு மேல் நிரப்பக்கூடாது என்று உத்தரவு. பழைய ஓடை வற்றிவிட்டது. புதுசாக ஓர் இடத்தில் கசிவு கண்டிருக்கிறது, அதற்குப் புதுத் தகடு வைத்து அவள்தான் அளக்கிறாள். அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் உறுதியாக ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வருஷ மழை தொடங்கிய அன்று மத்தியானம், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். மூன்று மாசமாம். டாக்டர் இன்றைக்குத்தான் உறுதியாகச் சொன்னாராம். ஜன்னலுக்கு வெளியே மலைப்பக்கம் கருகருவென்று கட்டிக்கொண்டு வந்தது. அளவு அக்காவுக்குப் பழைய பயம் திரும்பியது. 'சரி சரி, உடம்பைப் பாத்துக்கோ, வெச்சிடுறேன்' என்று வாய்வரை வந்துவிட்டது.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டி." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து சொல்லு. காலையில எத்தனை மணிக்குக் கெளம்பின? என்ன பொடவை கட்டியிருந்த?"