சுவரில் அத்தான்

அக்காவின் கணவர் முப்பது வருடம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். முள் ஆடி நிற்கும்வரை மூச்சடக்கி உட்கார்ந்திருந்து பழகியவர். ஓய்வுபெற்றதும் ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்காரும் வேலை கிடைத்தது. வீட்டில் அவருக்குச் 'சிலை' என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஆண்டு முடிவில் கண்காட்சி வைத்தார்கள். அக்காவை நான்தான் அழைத்துப் போனேன். கதவளவு தாளில் பென்சில் கோடுகளாக அத்தான் இருந்தார். காதோரச் சுருக்கம், அக்கா தைத்துவிட்ட பொருந்தாத மேல் பொத்தான், எல்லாம் அச்சு அசல். கண்கள் மட்டும் வேறு யாருடையவோ. இடுங்கிப்போய் தூரத்தில் எதையோ தேடின. கீழே 'வராதவள்' என்று தலைப்பு. பார்வையாளர் நோட்டில் ஒருவர், 'சொல்லாமல் விட்ட காதலின் மர்மம்' என்று எழுதியிருந்தார்.

அக்கா நோட்டை மூடினாள்.

"இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லடா. இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு யாரைத் தேடுறார்?"

"படம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அக்கா."

"பொத்தான் சரியா இருக்கு. கண்ணு மட்டும் பொய்யா?"

அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

வீட்டில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்க உக்காந்து யாரை நெனைச்சீங்க?"

"நான் யாரை நெனைச்சேன்? என்ன மச்சான், உங்கக்காவுக்கு என்ன ஆச்சு?"

படத்தைப் பற்றிச் சொன்னேன். அத்தான் பேப்பரை மடித்தார்.

"'கண்ணாடி மின்னுது, கழட்டுங்க ஐயா'ம்பாங்க பிள்ளைங்க. கழட்டிட்டா எதிர்ச் சுவத்துக் கடிகாரம் தெரியாது. மணி அடிச்சாத்தான் எந்திரிக்கலாம். எனக்கு சுகர் வேற..." குரலைத் தாழ்த்தினார். "அவசரமா வரும்."

அக்கா சட்டென்று அவர் கண்ணாடியை உருவினாள்.

"இப்ப மணி என்ன? சொல்லுங்க."

அத்தான் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். கண்கள் இடுங்கின. நெற்றி சுருங்கியது. தாளில் பார்த்த அதே முகம்.

"நாலா... அஞ்சா?"

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"நாளைக்கு நான் காலேஜுக்கு வந்து சொல்றேன், நடுவுல ஒருதரம் எந்திரிக்க விடச் சொல்லி."

"வேண்டாம்டி, மானம் போயிடும்."

"வராதவள்னு எழுதியில்ல மாட்டியிருக்காங்க? நான் வருவேன்."