இடது பின்சக்கரம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி லிஃப்ட்டுகள் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டில் ஒருத்தரும் கேட்பதில்லை, ஏனென்றால் வீட்டில் அவன் பேசுவதே இல்லை. குடும்பத்தின் மொத்தப் பேச்சையும் நான் குத்தகைக்கு எடுத்துவிட்டேன் என்று அண்ணி சொல்வாள். சொல்லட்டும். நான் கீழ் மாடியில் தனியாக இருக்கிறேன், அவர்கள் மேல் மாடியில். யாராவது பேச வேண்டாமா?

அண்ணி உண்டாகியிருந்தபோதுதான் அந்தக் காரை வாங்கினான். அவளுக்குப் பின்னால் தாராளமாக இடமுள்ள குடும்பக் கார் வேண்டும். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வேகப் பைத்தியம். இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமானதில் வந்து சேர்ந்தது அந்தச் சிவப்புக் கார். ஐந்து கதவு, பின்னால் ஓர் அலமாரியையே ஏற்றலாம். ஆனால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், காலை வைத்தால் சீறும். சக்கரம் பெரிது, டயர் பட்டையாக நாலு விரல் உயரம்தான். ரோட்டில் தீக்குச்சி கிடந்தாலும் இடுப்புக்குச் செய்தி வந்துவிடும். "குடும்பத்துக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறந்தவன் குட்டி. இன்றைக்கு அப்பனைவிட ஒரு சாண் உயரம், கதவு நிறைய நிற்பான், இருந்தாலும் எங்களுக்குக் குட்டிதான். பேச்சு வரவேயில்லை. டாக்டர்கள் சொன்ன பெயர்கள் ஒன்றும் என் வாயில் நுழையாது. சாயங்காலமானால் அவனுக்குள் ஏதோ பற்றிக்கொள்ளும். தலையைச் சுவரில் மோதுவான், கையைக் கடித்துக்கொள்வான், தடுக்கப் போனவரைத் தள்ளிவிடுவான். போன வருஷம் தள்ளியதில் அண்ணியின் தோள்பட்டை இறங்கிவிட்டது. பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தோளுக்குத்தான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் அவனைத் தணிக்க எங்களிடம் இருந்த ஒரே மருந்து அந்தக் கார்தான். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து கன்னத்தைக் கதவோடு ஒட்டிக்கொள்வான். சுற்றுச்சாலையில் வண்டி வேகமெடுத்ததும் கீழேயிருந்து ஓர் ஓசை எழும். ஊம், ஊம் என்று அலையலையாக, ஒரே சீராக. "என்ன அண்ணா, கார்ல மாவு மில் வெச்சிருக்கியா?" என்று கத்துவேன், கத்தினால்தான் காதில் விழும். அந்த ஓசை கன்னத்தில் ஏற ஏறக் குட்டியின் தோள் தளரும், மடக்கிய விரல்கள் விரியும். திரும்பி வந்ததும் சமர்த்தாகப் படியேறிப் படுத்துக்கொள்வான். அப்புறம்தான் நாங்கள் சாப்பிடுவோம். அதற்கு மேல் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை, சத்தியமாக.

பெருமழை பெய்த ஒரு சாயங்காலம் வளைவில் கார் வழுக்கி நடைபாதைக் கல்லில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அண்ணி கொட்டும் மழையில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். நாலு டயரும் தேய்ந்து போயிருந்தன. இடது பின்சக்கரத்தின் உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பியே தெரிந்தது.

"டயர் மாத்தாம இவனை இதுல ஏத்தினீங்கன்னா, நான் காருக்கு முன்னாடி வந்து படுத்துக்குவேன்" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு வெளியே, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் குட்டிக்கு இடம் காலியாகியிருந்தது. எப்போதோ பெயர் கொடுத்து வைத்தது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணிக்கு இனி முடியாது, அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

"கார் இருக்கே, சமாளிச்சுக்கலாம்" என்றான் அண்ணன்.

"டயரை மாத்திட்டு வாங்க. அதுக்கப்புறமும் அவன் அடங்குறானான்னு பாப்போம். இல்லேன்னா..." என்று அண்ணி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டயர் கடைக்கு நானும் போனேன், வாயில்லாத ஜென்மத்தைத் தனியாக அனுப்பலாமா? போகிற வழியில் அண்ணன் தன் போனைப் பின்சீட்டின் கீழே வைத்து அந்த ஓசையைப் பதிவு செய்துகொண்டான். கடைக்காரம்மா கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாகச் சாய்த்தாள்.

"இது ரொம்ப நாள் உழைக்கும் சார். இது சத்தமே வராது, பின்னாடி கைக்குழந்தை தூங்கினா முழிக்காது. இது ஸ்போர்ட்ஸ். உங்க காரோட வந்தது இந்த ஜாதிதான், ரோட்டைப் பிடிச்சுக்கும். ஆனா மெத்து ரப்பர், சீக்கிரம் தேஞ்சிடும். குடும்பத்தோட போறவங்களுக்கு நடுவுல இருக்குறதுதான் நல்லது."

"எது சத்தம் போடும்?" என்றான் அண்ணன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனை ஒரு தரம் பார்த்தாள். இவன் விளக்கம் சொல்வான் என்று காத்திருந்தால் கடை அடைத்துவிடுவார்கள். நானே குட்டியைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் காரைத் தூக்கச் சொல்லி, இடது பின்சக்கரத்தைக் கழற்றி, அண்ணனின் கையைப் பிடித்து டயர்மேல் வைத்தாள்.

"இந்தப் பக்கமா தடவுங்க. வழவழன்னு இருக்கா? இப்ப அந்தப் பக்கமா. ரம்பம் மாதிரி பிடிக்குதா? பின்னாடி ஏதோ பள்ளத்துல இறங்கி சக்கரம் கோணலாயிருக்கு சார். நீங்க அப்படியே ஓட்டியிருக்கீங்க. அதான் கட்டை கட்டையா ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு பல்லு பல்லா நிக்குது. அந்தப் பல்லுதான் ரோட்டுல சத்தம் போடுது."

"அப்ப புதுசுல வராதா?"

"எந்தப் புதுசுலயும் வராது. இது நீங்க ஓட்டி ஓட்டி உண்டாக்கினது. கடையில கிடைக்காது."

அண்ணன் கையை எடுக்கவில்லை. அந்த டயரை முன்னும் பின்னுமாகத் தடவிக்கொண்டே இருந்தான். தினமும் சாயங்காலம் அப்பனும் பிள்ளையும் அந்தச் சாலையைச் சுற்றிய சுற்றெல்லாம் அதில்தான் இருந்தது.

திடீரென்று எழுந்து கடைக்குப் பின்பக்கம் போனான். கழித்துப் போட்ட டயர்கள் அங்கே குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் தடவிப் பார்த்தான். சட்டை முழுக்கக் கரி. கடைசியில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். "இதுல பல்லு இருக்கு. இடது பின்னாடி மட்டும் இதைப் போடுங்க."

கடைக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "குப்பைக்குப் போற டயர் சார் இது! பெத்த பிள்ளை உக்கார்ற இடத்துக்குக் கீழ இதை மாட்டச் சொல்றீங்களா? என் கையால நடக்காது."

"அண்ணா, மானத்தை வாங்காதே, அதைக் கீழே போடு" என்றேன்.

போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்று டயர்களையும் பார்த்தபடி நின்றான். "இதுல எது சீக்கிரம் தேயும்?"

இந்த மாதிரி கேட்டு டயர் வாங்கிய ஆளை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். ஸ்போர்ட்ஸ் டயரைக் காட்டினாள். நாலும் அதுவே போடச் சொன்னான். மாட்டி முடித்ததும், பின்சக்கரக் கோணலை நிமிர்த்திவிடலாம், கொஞ்ச நேர வேலைதான் என்றாள்.

"வேண்டாம்."

"நிமிர்த்தலேன்னா புதுசும் இதே மாதிரி தேஞ்சு போகும் சார்."

"போகட்டும்."

வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கஞ்சப்பிசினாறி, டயருக்கு அள்ளிக் கொடுத்தவனுக்கு இதற்கு மட்டும் கை வராதா என்று கேட்டேன். நான் கத்தாமலே என் குரல் கேட்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் குட்டியை ஏற்றினோம். வழக்கம்போல் இடது பக்கம் உட்கார்ந்து கன்னத்தைக் கதவில் வைத்தான். சுற்றுச்சாலை வந்தது, அண்ணன் வேகமெடுத்தான். கார் ஓசையே இல்லாமல் போனது. குட்டி காத்திருந்தான். முகத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். இன்னும் கீழே வைத்துப் பார்த்தான். என் மடிமேல் ஏறி வந்து வலது கதவில் வைத்துப் பார்த்தான். உள்ளங்கையால் கதவைத் தட்டினான், உள்ளே யாரோ இருப்பதுபோல. அப்புறம் தலையால் மோத ஆரம்பித்தான். பாதியில் திரும்பிவிட்டோம்.

மறுநாள் அந்தப் பதிவைக் காரில் சத்தமாக ஓடவிட்டான் அண்ணன். குட்டி ஒரு கணம் அசையாமல் இருந்தான். எனக்கு உயிர் வந்தது. அவன் எட்டி ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்தான், அடுத்த நொடி அதன் மூடியைப் பிய்த்து எறிந்தான். காதுக்கு அது தெரிந்திருக்கும், கன்னத்துக்குத் தெரியவில்லை.

மாதம் முடிவதற்குள் இன்னும் என்னென்னவோ செய்து பார்த்தோம். சரளைச் சாலையில் ஓட்டினோம், காற்றைக் குறைத்து ஓட்டினோம். அண்ணியின் நெற்றியில் ஒரு வீக்கம் வந்ததுதான் மிச்சம். ஒருநாள் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லத்துக்கு வரோம்னு சொல்லிடு" என்றான். இத்தனை நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணிதான் உடைந்து அழுதாள்.

கொண்டுபோய் விட்ட அன்று குட்டிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டேன். முன்பெல்லாம் அந்தக் காருக்குள் கத்தித்தான் பேசுவோம். அன்று முணுமுணுத்தாலே கேட்டிருக்கும், பேசத்தான் ஆளில்லை. இல்லத்தில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஒரு பணியாளர் கையைப் பிடித்ததும் குட்டி நாலடி நடந்தான். சட்டென்று உதறிவிட்டுக் காரிடம் திரும்பி வந்தான். மூடிக் கிடந்த இடது பின்கதவில் வெளியிலிருந்து கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டிருக்கிற கார், அதில் என்ன கேட்கும்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனாகவே அவர்களோடு உள்ளே போய்விட்டான். முரண்டு பிடித்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

வீடு அடங்கிவிட்டது. ஆனால் சாயங்காலமானால் அதே நேரத்துக்குக் கார் கிளம்பும் சத்தம் மட்டும் தவறாமல் கேட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நேரத்தில் அங்கே யாரையும் விட மாட்டார்கள் என்று அண்ணி சொன்னாள். ஒருநாள் வாசலுக்குப் போய்க் காரை மறித்தேன்.

"எங்க போறே தினமும்?"

"சும்மா, ஒரு சுத்து."

பின்கதவைத் திறந்து இடது பக்கம் ஏறிக்கொண்டேன். சுற்றுச்சாலைக்குத்தான் போனான். குட்டி இருந்தபோது போகிற அதே வேகம், அதே பாதை. ஆளில்லாத பின்சீட்டைத் தினமும் இப்படிச் சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறான். சீக்கிரம் தேயும் டயரை எதற்குக் கேட்டான், கோணலை ஏன் நிமிர்த்தவில்லை என்று அப்போதுதான் இந்த மண்டைக்கு ஏறியது.

"அண்ணா, அந்தச் சத்தம் வர எவ்வளவு நாள் ஆகும்?"

"போன தடவை ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இது மெத்து ரப்பர். அவ்வளவு ஆகாது."

சத்தம் நன்றாக வரும்போது டயர் கழிக்கிற பதத்துக்கு வந்துவிடும், மறுபடி மாற்ற வேண்டும். அதற்குள் குட்டி இதை மறந்தே போயிருப்பான். மறக்கவில்லை என்றாலும் அவனை மறுபடி தாங்க அண்ணிக்குத் தோள் இல்லை. இவ்வளவும் என் நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக விழுங்கிக்கொண்டேன்.

"கதவுல கன்னத்தை வெச்சுப் பாரு" என்றான் அண்ணன்.

வைத்தேன். சில்லென்று இருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது கதவில் இறங்கியது.

"வருதா?"

"இல்லண்ணா."

"வரும். இன்னும் கொஞ்சம் ஓடணும்" என்று அடுத்த சுற்றுக்கு வண்டியைத் திருப்பினான்.