பாட்டு வேண்டாம், ஒரு வார்த்தை

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் ஏதோ ஒரு வகையில் அக்காவுக்கு வேண்டியவர்கள். உங்களில் சிலர் அவரோடு பேசியிருப்பீர்கள். பலர், முந்தானையால் முகத்தின் இடது பக்கத்தை மூடிக்கொண்டு தெருவோரமாக நடந்து போகிறவர் என்று மட்டும் அறிந்திருப்பீர்கள். அவருக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தாயில்பட்டியில். பெற்றோர் முதலில் காட்டு வேலைக்கும், பிறகு பட்டாசுக் கம்பெனிக்கும் போனவர்கள். எட்டாம் வகுப்போடு அக்காவும் கம்பெனிக்குப் போனார். வயது வந்ததும் அத்தை மகனுக்கு நிச்சயம் செய்தார்கள். அந்த வருடம் தீபாவளி சீசன் மும்முரத்தில் அக்கா வேலை பார்த்த அறையில் தீப்பிடித்தது. உயிர் தப்பியது. இடது கன்னமும் காதும் கழுத்தும் கையும் வெந்துபோயின. அத்தை மகன் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசல் வரை வந்து, அப்படியே திரும்பிவிட்டார். கல்யாணத்தை நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதன்பின் சிவகாசிக்குக் குடி வந்தோம். சின்னச் சின்ன வீடுகள் சேர்ந்தாற்போல் உள்ள ஒரு காம்பவுண்டில் கடைசி வீடு. அக்கா வீட்டிலேயே இருந்து பட்டாசுப் பெட்டி ஒட்டினார். அப்பா காலமான பிறகு என்னைப் படிக்க வைத்ததும், காரியாபட்டியில் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கைகள்தான். அம்மாவும் போன பிறகு, எங்களோடு வந்து இருக்கும்படி கெஞ்சினேன்.

"அங்கன வந்து நான் என்னத்தச் செய்ய? வாரவுக போறவுக எல்லாருக்கும் என் மூஞ்சிக்கு நீ விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கணும். இங்கன எல்லாருக்கும் பழகிப்போச்சு" என்றார். பிறகு, தனக்கென்று ஒரு டிவி வாங்கிக்கொண்டார்.

அந்தக் காம்பவுண்டில் முதலில் கேபிள் இழுத்தது அக்கா வீட்டில்தான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் பெண்கள் எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து பெட்டி ஒட்டியபடியே பார்ப்பார். பார்த்துக்கொண்டே கருத்துச் சொல்வார். "தூங்கப் போறவ எதுக்கு இம்புட்டு நகை போட்டிருக்கா? புரண்டு படுத்தா குத்தாதாக்கும்?" "இத்தன வருசமா கதை ஓடுது, ஒருத்தியாவது பாத்திரம் கழுவுனதக் காட்டுனாகளா?" பெண்கள் சிரிப்பார்கள். கதாநாயகன் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்திப் பாட்டுப் பாடும் படங்கள் அக்காவுக்கு ஆகாது. "அவதான் வேண்டாம்னுட்டாளே. கதை அங்கனயே முடிஞ்சு போச்சு. மிச்சப் படம் எதுக்கு?" என்பார்.

குறை மட்டும் சொல்பவர் இல்லை. ஒரே ஒரு காட்சியில் வந்து போகும் நடிகைகளை நன்றாகக் கவனிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில், வீட்டை விட்டு வந்த ஒரு பெண் யாரோ கொடுத்த தண்ணீரைக் குடிப்பாள். "அவ குடிச்சதப் பாத்தியா? அழுதுட்டு வந்தவ அப்படித்தான் குடிப்பா. முத வாய் இறங்காது" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நடிகையின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அரசாங்கத்தில் இலவச டிவி கொடுத்தார்கள். நல்ல காரியம், ஏழை வீடுகளுக்கெல்லாம் வந்தது. காம்பவுண்டிலும் ஒவ்வொரு வீடாக வந்து இறங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக வருவது நின்றது. சண்டை எதுவும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனபின், யார் எதற்கு எழுந்து வருவார்கள்? ஒரு நாள் நான் சொல்லாமல் போயிருந்தேன். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே தொடரின் வசனம் கேட்டது. அக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வழக்கமான சுவரோரத்தில் உட்கார்ந்து, முன்னால் இருந்த வெறும் தரையைப் பார்த்து, "இவ இன்னைக்கு நடிக்கவே இல்ல, பாத்தீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா புள்ள, சாப்பிட்டியா?" என்று எழுந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் சிவகாசிக் கேபிள்காரர் தம் சொந்தச் சேனலில், ஞாயிறுதோறும் போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். அக்கா போன் செய்தார். நிகழ்ச்சி நடத்திய பெண், "சொல்லுங்கம்மா, என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டாள்.

"பாட்டு வேண்டாம்மா. நேத்துப் போட்டீகளே ஒரு படம், அதப் பத்தி ஒரு வார்த்தை பேசணும்."

அந்தப் பெண் திணறிப்போய் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறும் அக்கா அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னார். கடைசியில் கேபிள்காரரே, "அந்த அம்மா பேசட்டும், சனங்க ரசிக்காக" என்று சொல்லி, வாரம் ஒரு முறை கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். ரேஷன் கடை வரிசையில் ஒருநாள், முன்னால் நின்ற பெண் அக்காவின் பேச்சைக் கேட்டு, "நீங்க டிவில படம் பத்திப் பேசுற அக்காதான?" என்று சந்தோஷமாகத் திரும்பினாளாம். திரும்பியவள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வார்த்தை வராமல் நின்றாளாம். "பாவம், அவளுக்கு என்ன சொல்லன்னு தெரியல. நானே, ஆமாத்தா, மண்ணெண்ணெய் எப்ப ஊத்துவாகன்னு பேச்ச மாத்திட்டேன்" என்று என்னிடம் போனில் சொன்னார்.

அந்த வருடம் பெரிய சேனல் ஒன்றின் தொடரில் கதாநாயகியின் முகம் தீயில் வெந்துபோனது. அக்கா ஒரு நாள்கூட விடாமல் பார்த்தார். கொஞ்ச நாளில் அவளுக்கு ஆபரேஷன் நடந்து, கட்டைப் பிரித்தபோது வேறொரு நடிகை சிரித்தாள். அதன்பின் அக்கா அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை. காரணம் கேட்டதற்கு, "அந்தப் பழைய புள்ள எங்க போனா? அதச் சொல்லுவாகளா?" என்று மட்டும் கேட்டார்.

தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்கு நேரில் வந்து பேசும்படி கேபிள்காரர் அழைத்தார். விபத்துக்குப் பிறகு அக்கா போட்டோவுக்கு நின்றதே இல்லை. என் கல்யாணத்தில்கூடச் சமையல் கட்டிலேயே இருந்துகொண்டார். வாரம் முழுவதும் யோசித்தார். "கேலி செய்வாகளோ?" என்று ஒரு நாள் கேட்பார். "செஞ்சா செஞ்சிட்டுப் போறாக" என்று மறுநாள் அவரே சொல்வார். கடைசியில் போனார். நானும் கூடப் போனேன். காமிராக்காரர் தயங்கித் தயங்கி, "அம்மா, வலது பக்கமாத் திரும்பி உக்காந்தீகன்னா நல்லாருக்கும்" என்றார்.

"நேராவே எடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அக்கா முந்தானையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று பேசியதில் ஒரு பகுதி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "படத்துல மூஞ்சி வெந்தவ ஒண்ணு கொலகாரியா இருக்கா, இல்லாட்டி கிணத்துல விழுந்து சாகா. நான் ரெண்டும் செய்யல. காலைல எந்திரிச்சு டீ போட்டுக் குடிக்கேன். பெட்டி ஒட்டுறேன். படம் பாக்கேன். இப்படி ஒருத்தி இருக்கான்னு யாராவது ஒரு கதை எடுங்கய்யா."

தீபாவளியன்று மத்தியானம் அது ஒளிபரப்பானது. அதே நேரத்தில் பெரிய சேனலில் புதுப்படம். காம்பவுண்டில் எல்லோரும் புதுப்படம் பார்த்தார்கள். காரியாபட்டியில் அந்த உள்ளூர்ச் சேனல் வராது. அக்கா தனியாக உட்கார்ந்து தன்னைத் தானே பார்த்திருக்கிறார். சாயங்காலம் போன் செய்து, "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பேசுனது சரி. கொஞ்சம் நீளம். சேல கலரு எடுக்கல" என்றார். பிறகு, "யாரும் ஒண்ணும் சொல்லல புள்ள" என்றார்.

ஆனால் ஒருத்தி பார்த்திருக்கிறாள். சில வாரம் கழித்து அச்சங்குளத்திலிருந்து, அந்த வருடம்தான் விபத்தில் முகம் வெந்த ஒரு இளம்பெண் விசாரித்துக்கொண்டு வந்தாள். அதிகம் பேசவில்லை. "சும்மா உங்க கூட உக்காந்து படம் பாக்கலாமாக்கா?" என்று கேட்டாளாம். ஏழெட்டு ஞாயிறு வந்தாள். அந்த நாட்களில் நான் போன் செய்தால், "அப்புறம் பேசுதேன், ஆள் வந்திருக்கு" என்று அக்கா வைத்துவிடுவார். அந்தச் சொல்லில் இருந்த பெருமையை என்னால் எழுத முடியாது. பிறகு அவள் புருஷன் பிழைப்புத் தேடி வெளியூர் கூட்டிப் போய்விட்டான். அக்கா அவளுக்காகப் போட்டு வைத்த பாயைச் சுருட்டாமல் கொஞ்ச நாள் அப்படியே விட்டிருந்தார்.

அடுத்த கோடையில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அதற்குள் முற்றிவிட்டிருந்தது. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலியைப் பற்றிப் பேசவே மாட்டார். வார்டில் ஒரு டிவி இருந்தது. ஒரு மத்தியானம் படம் பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் கண்ணயர்ந்தார். விழித்ததும் கேட்பார் என்று தெரியும். ஆகவே நான் கடைசிவரை கவனமாகப் பார்த்தேன். அதேபோல் கேட்டார். சொன்னேன்.

"அப்படியா முடிச்சாக?" என்று கேட்டார். "அவசரப்பட்டுட்டாக. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாம்" என்றார். மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை.

முகம் சுளிக்காமல் அவரைக் கழுவித் துடைத்த நர்ஸ் அம்மாக்களுக்கும், பெட்டி ஆர்டர் இல்லாத மாதங்களிலும் வேலை தேடிக் கொடுத்த ஏஜெண்டுக்கும், தகவல் தெரிந்ததும் வேனில் வந்து சேர்ந்த காம்பவுண்டுப் பெண்களுக்கும், அக்காவைப் பேசவிட்ட கேபிள்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அச்சங்குளத்துப் பெண்ணுக்கு இந்த மலரை அனுப்ப முகவரி கிடைக்கவில்லை. அறிந்தவர்கள் அவளிடம் சேர்த்துவிடுங்கள். என்றாவது ஒரு நாள், முழுதாக வேண்டாம், இடைவேளை வரையிலாவது அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், உங்களை நான் தனியாகக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை
காரியாபட்டி